மணியைத் தேடும் ஆடு

அந்த ஆட்டை நான் பார்த்த உடனே வெறுத்துவிடவில்லை. அதற்கு நாலு நாள் ஆனது.

பஞ்சு அடைத்த மஞ்சள் ஆடு. தோளில் ஒரு சிவப்புப் பை. கழுத்தில் மணி இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கதையிலும் மணி தொலைந்து போகும். தொலைந்த மணியை ஊரெல்லாம் தேடுவதுதான் கதை. ஒரு கேசட்டில் இப்படி ஆறு கதை. ஆறு கதையும் ஓடி முடிய ஒரு மணி நேரம். என் மகள் ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்ப்பாள். அவளோடு நானும் பார்ப்பேன். எழுந்து போக எனக்குக் கால் இருந்தது, அனுமதி இல்லை.

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்தைய வருடம் இதே ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்து போயிருந்தது. இந்தத் தடவையும் ஒரு காலையில் துணியில் இரத்தம் பட்டதும் என் கணவர் என்னைத் தாம் ஓட்டும் லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார், ஒரே ஒரு கட்டளையோடு. படுக்க வேண்டும். உட்காரக்கூட யோசிக்க வேண்டும். நடப்பது என்ற பேச்சே கூடாது.

"எத்தன நாளைக்குங்க?" என்று லாரியில் திரும்பி வரும்போது கேட்டேன்.

"மூணு மாசம் சொன்னாரு லா. அப்புறம் பாப்போம்."

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினாறு வயதில் பால் வெட்டப் போனவள். என் அம்மா வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு வலி கண்ட காலைவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அதைப் பெருமையாகவே சொல்வார். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்காதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாதவருக்குக் கூலி இல்லை. அப்படி வளர்ந்த உடம்பைப் படுக்கப் போட்டால் அது வெட்கப்படத்தான் செய்யும். முதல் இரண்டு நாள் வாசலில் யாராவது நிழல் தட்டினால்கூட நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

கணவர் கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து, கால்மாட்டில் இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார். என் தலை தாழ்ந்து, கால் உயர்ந்து கிடந்தது. தலைமாட்டுக்குப் பின்னால் அடுப்படி, அதற்குப் பின்னால் பின்கதவு. கால்மாட்டுக்கு எதிரே டெலிவிஷன். அவர் சிம்பாங் பூலாயில் கல் ஏற்றி லூமுட் பக்கம் கொண்டு போகிற லாரி ஓட்டினார். விடிந்தும் விடியாமல் போனால் பொழுது சாயத்தான் வருவார். போகும்போது முன்பக்க இரும்புக் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். படித்தவர், கட்டிய சேலை கசங்காதவர். எங்கள் வரிசையில் அவர் யாரோடும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. ஆனால் நான் படுத்த அன்றைக்குத் தாமாகவே வந்து நின்று, "பிள்ளை, வெட்கப்படாதையுங்கோ, நான் பாக்கிறன்" என்றார். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பின்பக்கமாக வந்து எனக்கு வேண்டியதைச் செய்வார். மகளுக்குச் சோறு பிசைந்து வைப்பார். போகும்போது பின்கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவார். அதற்கு மேல் அவரால் முடியாது; அவர் வீட்டுக்காரர் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். மற்ற நேரமெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் நானும் மகளும்தான்.

இரண்டரை வயதுப் பிள்ளையைப் படுத்துக்கொண்டே வளர்க்க முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். முதல் வாரத்தில் அவள் அரிசி டின்னைக் கவிழ்த்தாள், என் தலையில் பவுடரைக் கொட்டினாள், கட்டிலுக்குக் கீழே போய்ச் செங்கல்லை உருவப் பார்த்தாள். நான் படுத்தபடியே கத்துவேன். கத்துகிறவளால் எழுந்து வர முடியாது என்பதை அவள் இரண்டே நாளில் கண்டுகொண்டாள்.

அப்போதுதான் கணவர் கூட்டாளி ஒருவரிடம் வீடியோ பெட்டியை இரவல் வாங்கி வந்தார். அந்தப் பெட்டிக்கு ரிமோட் உண்டு, ஆனால் ஒயர் வைத்த ரிமோட். ஒயரின் ஒரு முனை பெட்டியில், மறுமுனை என் கையில். வீடியோ கடையில் இருந்த ஒரே ஒரு சிறுபிள்ளைக் கேசட்டையும் கொண்டு வந்தார். கடைசிப் பகுதி தேய்ந்து போன கேசட் என்று கடைக்காரரே அதைச் சும்மா கொடுத்துவிட்டாராம். மகள் பார்த்தாள், உட்கார்ந்தாள், ஒரு மணி நேரம் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷம் நாலு நாள் இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரைதான். ஆனால் கண் இருக்கிறதே. மணி எங்கேயும் தொலையவில்லை. ஆட்டின் முதுகுப் பக்கம், பை வாருக்குக் கீழே தொங்குகிறது. எனக்குத் தெரிகிறது, மகளுக்குத் தெரிகிறது, பின்னால் நிற்கிற வாத்துக்குக்கூடத் தெரிய வேண்டும். ஆடோ கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறது. சரி, ஒரு நாள் அப்படி ஆகலாம். ஆறு கதையிலுமா?

அந்த ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. ஒரு நாய் போலீஸ் தொப்பி போட்டுக்கொண்டு முச்சந்தியில் கை காட்டும். அங்கே ஒரு சைக்கிள்கூட வராது. நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை என்பது அதற்குத்தான் சரியாகப் பொருந்தும். எலியின் தம்பி வாத்து. எப்படித் தம்பி, அப்பா யார், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கரடிக்கு மேல்சட்டை உண்டு, கால்சட்டை கிடையாது. ஆனால் இரண்டாம் கதையில் கரடி வீட்டுக் கொடியில் காய்வது முழுக்கக் கால்சட்டைகள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் எல்லாரும் கூடி கேக் தின்பார்கள். யார் சுட்டார்கள்? தட்டை யார் கழுவுவார்கள்? குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். அங்கே கேக் குறையவே இல்லை. பேர் பதியும் எங்கள் தோட்டத்துக் கிராணியை ஒரே ஒரு நாள் அந்த ஊருக்கு அனுப்பி, பெரட்டு வைத்துப் பேர் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இதையெல்லாம் சாயங்காலம் கணவரிடம் கொட்டுவேன். பகல் முழுக்கப் பேச்சுத் துணை இல்லாதவள் வேறு எதைச் சொல்வது?

"கால்சட்டை யாருதுன்னு கேக்குறேன்."

"தொவைக்கிற ஆளா இருக்கும் கரடி. ஊரார் துணி," என்பார் சோற்றைப் பிசைந்தபடி.

"ஊர்லதான் யாருமே கால்சட்டை போடலியே."

"நீ தூங்கு."

எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது ஒன்று. மணி தொலைந்ததும் ஆடு நேரே நம்மைப் பார்த்துத் திரும்பும். காதில் கை வைத்து, இழுத்து இழுத்து ஒரு ராகத்தில் கேட்கும்: "வேர் இஸ் மை பெல்?" கேட்டுவிட்டு அசையாமல் நிற்கும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஐந்து எண்ணும்வரை. பிறகு, "தேங்க் யூ!" என்று துள்ளும். யார் என்ன சொன்னோம்? மகள் ஓடிப் போய் டெலிவிஷன் கண்ணாடியில் மணி இருக்கும் இடத்தில் விரலை வைத்தாலும் தேங்க் யூ. அவள் தூங்கிப் போய், நான் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தாலும் தேங்க் யூ. ஒரு நாள் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்கும் தேங்க் யூ. கேள்வி கேட்கிறவர் பதிலைக் கேட்க வேண்டாமா? பகல் முழுக்க நானும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். பாப்பா, அம்மாவுக்குத் தண்ணி எடுத்துத் தர்றியா? பாப்பா, எங்க இருக்க? எனக்கும் பதில் வராது. ஆனால் நான் தேங்க் யூ சொல்லும் நிலையில் இல்லை.

மூன்றாம் கதையில் கரடிக்குக் காய்ச்சல். கட்டிலில் படுத்திருக்கும். ஆடு தலைமாட்டில் நின்று மணியை மூன்று முறை அடித்ததும் கரடி எழுந்து குதித்து ஆடும். ஆறாம் கதையிலும் கரடி படுத்துவிடும். இந்தத் தடவை மணி அடித்தும் எழாது. ஆடு சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு ஒரு மரப்பாலத்தைத் தாண்டிப் போகும், யாரையோ கூட்டி வர. பாலத்தின் நடுவில் அது நிற்கும்போது படத்தில் கோடு விழும், பிறகு வெறும் புள்ளி இரைச்சல். அங்கேதான் கேசட் தேய்ந்திருந்தது. கரடி எழுந்ததா இல்லையா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் அந்தப் புள்ளிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

மூன்றாவது வாரம் அவள் சாமி மாடத்தில் இருந்த பூசை மணியை எடுத்து வந்தாள். கணவர் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கீழேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். என் தலைமாட்டில் நின்று மூன்று முறை அடித்தாள்.

"எந்திரி."

"அம்மாவுக்கு முடியலடா. தம்பிப் பாப்பா தூங்குது."

மறுபடியும் அடித்தாள். "எந்திரி, ம்மா." அவள் முகத்தில் கோபம். பிடிவாதக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த பிறகும் திட்டு வாங்கியவருக்கு வருகிற கோபம். மணி அடித்தாயிற்று, நான்தான் என் பங்கைச் செய்யவில்லை. வேண்டுமென்றே படுத்துக் கிடக்கிறேன் என்று என் பிள்ளை நினைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆட்டின் மேல் வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை விட்டெறிந்தேன். ஒயர் இழுத்து அது கட்டிலுக்குக் கீழேயே விழுந்தது. அக்கா மதியம் வந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் மணி. மணியைப் பிடுங்கி வைக்கலாம் என்றால் அழுவாள். அழுதால் தூக்க முடியாது. விட்டுவிட்டேன்.

அந்த நாளும் மற்ற நாள் போலத்தான் தொடங்கியது. மேலே மலைப்பக்கம் முன்தினம் முழுக்க மழை. எங்கள் வீட்டுப் பின்சந்துக்கு அப்பால் லோங்காங், பெரிய சாக்கடைக் கால்வாய் ஒன்று போகும். சாதாரண நாளில் அதில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். அன்றைக்கு அது விளிம்புவரை ஓடும் சத்தம் படுக்கையிலேயே கேட்டது. அதன்மேல் ஒற்றைப் பலகை போட்டிருப்பார்கள், அந்தப் பக்கத்துக் கீரைத் தோட்டத்துக்குப் போக. மதியம் அக்கா வந்து எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டிலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது. "நான் ஒருக்கா ஓடிட்டு வாறன், பிள்ளை" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினார். கொண்டி போடும் சத்தம் கேட்டதா என்று நான் கவனிக்கவில்லை.

ஆறாம் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஆடு பாலத்தில் ஏறியது. கோடு, புள்ளி, இரைச்சல். மகள் எழுந்து வந்து மூன்று முறை மணி அடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குவதாக நினைத்து விட்டுவிடுவாள் என்று எண்ணினேன். அவள் விடவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை இழுக்கும் சத்தம். அது நான் பசாருக்குக் கொண்டு போகிற சிவப்புப் பை. பிறகு செருப்புச் சத்தம், அடுப்படியைத் தாண்டி. பிறகு வெளிச்சம்.

தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்தது எல்லாம். திறந்த பின்கதவு, சந்து, சந்துக்கு அப்பால் பலகையின் ஒரு முனை. சிவப்புப் பை தரையில் இழுபட, மணியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மகள் போய்க்கொண்டிருந்தாள். யாரையோ கூட்டி வர.

"பாப்பா! இங்க வா!" கேட்கவில்லை, அல்லது கேட்டும் நிற்கவில்லை. "அக்கா! அக்கா!" அக்காவின் வீட்டில் அவருடைய குரலே அழுதுகொண்டிருந்தது. முன்பக்கம் பூட்டு. மகள் பலகையின் முனையில் காலை வைத்தாள்.

முழங்கையை ஊன்றி எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன். வயிற்றுக்குக் கீழே சுருக்கென்றது. காலிடுக்கில் சூடாக ஏதோ இறங்கியது போல இருந்தது. எழுந்தால் உள்ளே இருப்பது போகும். படுத்தால் வெளியே நிற்பது போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று எத்தனையோ தடவை சும்மா சொல்லியிருக்கிறேன். அது இதுதான் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன்.

படுத்துவிட்டேன்.

படுத்த பிறகுதான் அது வந்தது. யோசித்து வரவில்லை. தொண்டையை இறுக்கி, அந்த ஆட்டின் குரலில், அதே ராகத்தில் இழுத்துக் கேட்டேன்.

"வேர் இஸ் மை பெல்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் கெட்டிருக்கும். ஆடு இரண்டு தடவை கேட்காது. ஒன்று. இரண்டு. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று. தலைகீழாக அவள் பலகைமேல் நின்றாள், பை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து தொங்கியது. நான்கு. ஒரு பிள்ளை பதில் சொல்வதற்காக இவ்வளவு நேரம் காத்திருந்த ஒரே ஆள் அந்த ஆடுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஐந்து.

அவள் திரும்பினாள். கையிலிருந்த மணியைப் பார்த்தாள். பிறகு செருப்புச் சத்தம் அடுப்படி வழியாக ஓடி வந்தது. மணியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதோ!" என்றாள்.

அவள் கையை மணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "தேங்க் யூ," என்றேன். கதையில் அப்படித்தான்.

அவள் சிரித்தாள். பிறகு நான் எழுந்து ஆடுவதற்காகக் காத்திருந்தாள். நான் ஆடவில்லை. கையை விடாமல் அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவளும் கட்டிலில் ஏறி, தலை தாழ்ந்த பக்கமாக என் கழுத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அக்கா வரும்வரை நான் அந்தக் கையை விடவே இல்லை. வந்தவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ பிள்ளை" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம் என் துணியை மாற்றியது. மாற்றிவிட்டுச் சொன்னார். "ஒண்டுமில்லை. பயப்படாதையுங்கோ. ரத்தம் ஒண்டும் இல்லை, துணி காஞ்சுதான் கிடக்குது."

அன்று மாலை கணவர் பின்கதவில், என் கைக்கே எட்டாத உயரத்தில், இன்னொரு கொண்டி அடித்தார். கேசட்டை ஒளித்து வைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மீதி இரண்டு மாதமும் அந்த ஆட்டைப் பார்த்தேன், கரடியைப் பார்த்தேன், கொடியில் காயும் கால்சட்டைகளைப் பார்த்தேன். அந்தக் கேள்வி வரும் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். பையன் எட்டாம் மாதத்தில் பிறந்தான், கையளவுதான் இருந்தான், ஆனால் நன்றாக அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் நடந்து வீட்டுக்குள் வந்தபோது மகள் வாசலில் நின்றாள். என் காலைப் பார்த்தாள். "நான் மணி அடிச்சேன்ல," என்றாள் தம்பியிடம்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்புக் கதைதான். தீபாவளிக்கு எல்லாரும் கூடினால் மகளே எடுத்து விடுவாள். அவளுக்குப் பலகை நினைவில்லை, தண்ணீர் நினைவில்லை. எல்லாம் நான் சொன்னதைக் கேட்டுச் சொல்வதுதான். "அம்மா ஆடு மாதிரி கத்துச்சு, நான் நெசமாவே ஆடுன்னு நெனச்சு ஓடி வந்தேன்," என்பாள். அந்த ராகத்தில் பாடியும் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். தம்பிதான் அதிகம் சிரிப்பான்.

எவ்வளவு கெட்டிக்காரி அம்மா என்று முடிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். சிவப்புப் பை, மணி, ஐந்து எண்ணியது, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். துணி காய்ந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. பாதி எழுந்தவள் திரும்பப் படுத்தேன் என்பதையும் சொல்லவில்லை.

ஏம்மா நீ எழுந்து வரவில்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் சொல்லி முடித்து, சிரிப்பு அடங்கும்வரை, அந்தக் கேள்விக்காக நான் காத்திருக்கிறேன்.